சன்னலோரத்துக் குளோரோஃபார்ம்

குங்குமப் பொட்டு வைத்த அந்தக் கண்ணாடிப் புட்டி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மலாயாவில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் அப்போது நான் மருத்துவச்சி. டாக்டருக்கு உதவியாக மருந்து போடும் டிரஸ்ஸர் ஐயா யாழ்ப்பாணத்தவர். சுத்தம் என்றால் பைத்தியம். மயக்க மருந்தான குளோரோஃபார்ம் பழுப்புப் புட்டியில்தான் வரும். ஆயுத பூசையன்று அந்த அழுக்கு நிறத்தை அம்மன் முன்னால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நிறமில்லாத கண்ணாடிப் புட்டியில் மாற்றி ஊற்றி, பொட்டு வைத்து, கத்திகளோடு சன்னல் மேடையில் அடுக்கினார். பூசை முடிந்த பிறகும், பார்க்க அழகாயிருக்கிறதென்று அங்கேயே விட்டுவிட்டார். தீபாவளி நெருங்கும்வரை காலை வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ரப்பர் பால் வெட்டும் கத்தி கிழித்த விரல் சீழ்பிடித்து ஒருத்தி வந்தாள். அறுப்பதற்கு வெள்ளைக்கார டாக்டர் தயாராக நின்றார். ஐயா புட்டியைத் திறந்தார். வழக்கமான தித்திப்பு வாசனை இல்லை. புழுங்கிய வைக்கோல் நெடி தொண்டையைக் கரித்தது.

"கிட்ட வராதை பிள்ளை. இது பழுதாப் போட்டுது" என்றார் என்னிடம்.

பேசாமல் அவள் மூக்குத் துணியில் சொட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டு அவர் தவம் கிடந்த காலம் அது. சிபாரிசு செய்யவேண்டியவர் எதிரே நின்ற அதே டாக்டர். ஆனாலும் புட்டியை மாற்றியது தான்தான் என்று அவரிடமே சொல்லிவிட்டார். டாக்டர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. அவளை லோரியில் கிள்ளானுக்கு அனுப்பினார்கள். தாமதத்தில் சீழ் ஏறி விரலை எடுக்கவேண்டியதாயிற்று. ஐயாவின் மாற்றலும் போயிற்று.

வேதியியல் படித்த என் மகள் பிற்காலத்தில் விளக்கினாள். வெளிச்சம் பட்டால் ஒரு குளோரின் அணு தனியே பிரியுமாம். பிரிந்தது சும்மா இராது. பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்தது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து, கடைசியில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். நுரையீரலைக் கெடுத்து ஆளையே கொன்றுவிடக்கூடியது அது.

ஆனால் விரலை இழந்த அந்தப் பெண் மருந்து கெட்டதைக் கடைசிவரை நம்பவில்லை. "நல்லா இருந்த மருந்து எனக்கு மட்டும் கெட்டுப் போச்சா? அந்தாளுக்கு மருந்து போடப் பயம் வந்துருச்சுலா!" என்று தண்ணிக் குழாயடியில் நின்று ஊரெல்லாம் கேட்கத் திட்டுவாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒருநாள் பொறுக்காமல், "நீங்களாவது போய் எடுத்துச் சொல்லக்கூடாதா ஐயா?" என்று கேட்டேன்.

கத்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "ஏசட்டும் பிள்ளை. ஏசுறதுக்கு அவள் இருக்கிறாள்தானே" என்றார்.