வாய் திறக்காத வாரம்

கணவன் வீட்டுக்கு இனிப் போவதில்லை என்று அப்பாவிடம் சொல்லத்தான் சென்னையிலிருந்து நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில், இடது கடைவாயில் இரண்டு நாளாக இருந்த குடைச்சல் காதுவரை ஏறியது. குவார்ட்டர்ஸ் வாசலை அடையும்போது கன்னம் வீங்கி, ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

மறுநாள் அப்பா லீவு சொல்லிவிட்டு, மந்தாரக்குப்பத்தில் ஒரு பல் டாக்டரிடம் வண்டியில் கூட்டிப்போனார். டாக்டர் என் வயதுப் பெண். எக்ஸ்ரேயைக் காட்டி அப்பாவிடம் சொன்னார்.

“அறிவுப்பல்லுங்க. பாதி வெளிய வந்து, பாதி ஈறுக்குள்ளயே நின்னுடுச்சு. மேல மூடியிருக்கிற ஈறுக்கு அடியில சாப்பாடு போய்த் தங்கி சீழ் வெச்சிருக்கு. அதான் தாடை இறுகிப்போச்சு. இப்ப கழுவி விட்டு மாத்திரை தர்றேன். வீக்கம் வத்துனதும் பல்லை எடுத்துடலாம்.”

அப்பா அதிகம் பேசாதவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்கு நடுவே கையைக் காட்டியே வேலை வாங்கிப் பழகியவர், வீட்டிலும் அப்படித்தான். அந்த வாரம் என்னால் பேச முடியாமல் போனதும் அவர் பேசத் தொடங்கினார். அம்மா காய்ச்சிய கஞ்சியை மிக்ஸியில் அடித்து ஆற்றிக்கொண்டே பேசினார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் கொப்பளித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பேசினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுரங்கத்துக்குள் இறங்கப் பயந்து, வயிற்றுவலி என்று சொல்லிச் சொந்த ஊரான குறிஞ்சிப்பாடிக்கு ஓடிப்போனாராம். அம்மாவைப் பெண் பார்த்துவிட்டு வந்து, முகம் ஞாபகத்துக்கு வராமல் தவித்தாராம். நான் “ம்” கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் கஞ்சி டம்ளரைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, பல்லு வலி மட்டுந்தானா?”

நிமிர்ந்து பார்த்தேன்.

“மாப்ள ஒரு போன் கூட பண்ணல. நீயும் பண்ணல. பாத்துக்கினுதான் இருக்கேன்.”

சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். தாடையில் சுரீரென்று வலித்தது. கஞ்சி உதட்டோரம் வழிந்தது. அப்பா தோள் துண்டால் துடைத்துவிட்டார்.

“வேணாம், வேணாம். வாய் சரியாவட்டும். அப்பறமா நிதானமா சொல்லு.”

எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் அது உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் என்று எனக்கும் பட்டது.

லீவு முடிந்து முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய காலை, ஷூ மாட்டக் குனிந்த அப்பா அப்படியே சரிந்தார். நான் ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்து வைத்தேன். அப்பா என்று கத்திக் கூப்பிடக்கூட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் அழுகை மூக்கு வழியாக வெறும் முனகலாக வந்தது. அத்தை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: “ஒரே பொண்ணு. வாய் விட்டு அழுவுதா பாரு.”

அதுவரை தலை கவிழ்ந்து கிடந்த அம்மா நிமிர்ந்தாள். “அவளுக்கு வாய் தொறக்காது. அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

காரியம் முடிவதற்குள் வீக்கம் வற்றிவிட்டது. அப்பாவுக்கென்று வைத்திருந்ததை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அவரு இருந்தா இன்னா சொல்லியிருப்பாருன்னு தெரியலயேடி,” என்றாள்.

எனக்கும் தெரியவில்லை.

பல்லை எடுக்க அம்மாவுடன் போனேன். டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஊசி மருந்தை எடுத்தபடியே சாதாரணமாகக் கேட்டார்: “இன்னைக்கு அப்பா வரலீங்களா?”

“அப்பா இறந்துட்டாருங்க.”

அதுவரை எல்லோரிடமும் மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தார். நான் அழுது ஓயும்வரை காத்திருந்தார்.

பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நானும் அம்மாவும் மந்தாரக்குப்பத்திலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். நான் சென்னைக்குத் திரும்பவில்லை.