கொசுவைப் பற்றிய கேள்விகள்

“நில்லுங்கம்மா, நில்லுங்க, இன்னும் ஒரே ஒரு கேள்விதான்” என்று சொல்லிக்கொண்டே அவள் நாற்காலியை இழுத்து உள்ளறை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டு மாமியார் இடுப்பில் பேத்தியோடு நின்றுவிட்டார்.

“என் மாத்திரை உள்ள இருக்கு.”

“எந்த மாத்திரைம்மா?”

“மூட்டு வலிக்கு.”

“மூட்டு வலியா! அதைச் சொல்லுங்க முதல்ல. மழைன்னா கூடுதா?”

மாமியார் கதவை ஒரு தரம் பார்த்தார். வேறு வழியில்லாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் மருமகளின் குரல் தாழ்ந்து கேட்டது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. தெரியக்கூடாது என்பதற்குத்தான் இவளுக்குச் சம்பளம்.

இந்தக் குடியிருப்பில் பெண்கள் ஏன் இத்தனை நோய்வாய்ப்படுகிறார்கள் என்று ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக யாரைக் கேட்க வேண்டும், யார் கை நீட்டுகிறார்கள் என்றெல்லாம் கேள்விகள். தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். தனியாக இருக்கும் பெண் இந்தத் தெருக்களில் கிடைக்க மாட்டாள். ஆகையால் இரண்டு பேராகப் போவது. கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் இளம்பெண் மருமகளை உள்ளே உட்கார வைத்துக் கேட்பாள். இவள் வெளியே மாமியாரைப் பிடித்து வைப்பாள். அதற்கென்று தண்ணீர், குப்பை, கொசு பற்றித் தனிக் கேள்விகள். அந்தப் பதில்கள் யாருக்கும் தேவையில்லை; சாயங்காலம் பழைய தாளோடு தாளாகப் போய்விடும். இதை மட்டும் வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது.

அலுவலகத்தில் அவளுக்குத் தடுப்பணை என்று பெயர். மாமியார் வெள்ளத்தைத் தேக்குகிறவள். அவளே முதலில் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை.

அதற்கு முன்பு குடிநீர் அலுவலகத்தில் புகார் போனை எடுத்துக்கொண்டிருந்தாள். “ஆமாங்க, புரியுதுங்க, சொல்லிடறேங்க.” பல வருஷம் இதே மூன்று. பிறகு அந்த வேலையை ஒரு பதிவுக் குரலுக்குக் கொடுத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் புருஷன் வெல்டிங் பட்டறைக்காரர். காது பாதி போய்விட்டது, மீதிப் பாதியை டிவிக்குக் கொடுத்திருந்தார். கட்டிக்கொடுத்த மகள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் போன் பண்ணுவாள். டாக்டரம்மா அவளை வேலைக்கு எடுத்தது, மனுஷி சலிக்காமல் பேச்சுக்கொடுக்கிறாளே என்றுதான். சலிப்பு முழுக்க உள்ளே இருந்தது, வெளியே வராமல் பழகியிருந்தது.

அவளுக்கு மாமியார்களைக் கண்டாலே எரிச்சல். மருமகள் போடும் உப்பு, மகனின் தங்கமான குணம், முட்டி, இடுப்பு, மறுபடியும் மகனின் தங்கமான குணம். அத்தனை பேருக்கும் உள்ளறையில்தான் திடீரென்று வேலை. மாத்திரை, சாவி, துவைத்த துணி. மருமகள் வாயைத் திறந்தால் குடி முழுகிவிடும் போலக் கதவையே சுற்றிச் சுற்றி வருவார்கள். கேட்காமலே தலையாட்டுவதில் அவள் தேறிவிட்டாள். ‘ஆமாங்க’ தானாக வரும்.

“தண்ணி போதுதாம்மா ஒரு நாளைக்கு?”

“எங்க போதுது? துணி அலசவே அரை டிரம் போயிடுது.”

“ஆமாங்க. குழந்தை துணி.”

“குழந்தை துணி கம்மிதான். எனக்குத்தான் மறுபடி வந்திருச்சே, அந்தத் துணி.”

“ஆமாங்க” என்றாள். அடுத்த கேள்வி மறுபடியும் கொசு. வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். “என்ன வந்திருச்சு?”

“மாசா மாசம் வருமே, அது. மாசக் கணக்கெல்லாம் இல்ல, வந்துக்கிட்டே இருக்கு. வயசு திரும்புதோ என்னவோன்னு நானே சிரிச்சுக்கிட்டேன்.”

“நின்னு எத்தனை வருஷம் ஆச்சும்மா?”

“பத்துக்கு மேல இருக்கும்.”

“திரும்ப வந்தது?”

“இவளுக்குப் பல் முளைச்சப்ப.” பேத்தி வாயில் இப்போது பல் வரிசையாக இருந்தது.

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“யார்கிட்ட? மகன்கிட்டயா?”

“மருமககிட்ட சொல்லலாமே.”

“அவகிட்ட வாயே திறந்துடாத. சொன்னா வேலைக்கு மட்டம் போட்டுட்டு என்னைத் தூக்கிக்கிட்டு அலைவா. அதுக்கும் சேர்த்து அவன்கிட்ட வாங்குவா.” மாமியார் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, பொம்பளைங்க உடம்பைப் பத்திக் கேக்க வராங்கன்னு சொன்னாங்க. அவளை முடிச்சுட்டு என்னையும் உள்ள கூப்பிடுவீங்கன்னுதான் கதவுகிட்டயே நிக்கறேன். நீ என்னடான்னா காலையிலேர்ந்து கொசுவைக் கேக்கற.”

அவளுக்கு யார் மேல் கோபம் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கதவு திறந்து கண்ணாடி வெளியே வந்து, “முடிஞ்சுது அக்கா, போலாம்” என்றாள். மருமகள் பின்னாலேயே முகத்தைக் கழுவப் போனாள்.

அலுவலகத்தில் டாக்டரம்மா கேட்டு முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

“ஒண்ணுமில்லாததாவும் இருக்கலாம். புத்துநோயாவும் இருக்கலாம். உள்ள பார்க்காம சொல்ல முடியாது. தள்ளிப்போடக் கூடாது.”

“அப்ப நம்ம வண்டியில கூட்டிட்டுப் போயிடறேன்.”

“வண்டி நாம கேள்வி கேட்டவங்களுக்கு மட்டும்தான். நாற்பத்தொன்பது வயசு வரைக்கும்.”

“நாற்பத்தொன்பதோட பொம்பளைங்க உடம்பு முடிஞ்சுடுதா டாக்டர்?”

“இதையேதான் நான் பணம் குடுக்கறவங்ககிட்ட வருஷா வருஷம் கேக்கறேன். உனக்காவது நான் பதில் சொல்றேன்.”

 அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

“அவங்க மகன்கிட்ட போய் சொல்லிடறேன். பெத்த தாய்தானே.”

“சொல்லு. எங்கம்மாகிட்ட என்ன கேட்டீங்கம்பான். அடுத்த கேள்வி, என் பொண்டாட்டிகிட்ட என்ன கேட்டீங்க. அந்தப் பொண்ணு உள்ள என்ன சொல்லியிருக்கான்னு உனக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“தெரிய வேண்டாம்.” டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கிழித்தார். “பெரிய ஆஸ்பத்திரியில பெண்கள் பிரிவு. காலையில போகணும். உன் லீவுல போ. நம்ம பேர் எங்கயும் வரக்கூடாது.”

நல்ல நியாயம். உடம்பைக் கேட்க வந்தவர்கள் கேட்காமல் போக வேண்டும், கொசுவைக் கேட்டவள் லீவு போட வேண்டும். பஸ்ஸில் நின்றபடியே டாக்டரம்மாவை, பணம் கொடுக்கிறவர்களை, பல் முளைத்த குழந்தையை, பல் முளைத்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்த கிழவியை, எல்லோரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

சாயங்காலம் அந்த வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மகன் டிவிக்கு நேர் எதிரே காலை நீட்டியிருந்தான். மாமியாரைத் தனியாகப் பிடிக்க வேண்டும். சமையலறைக்குப் போனால் மருமகள் பின்னாலேயே வந்தாள். துணி காயும் பின்கட்டுக்குப் போனால் அங்கேயும் வந்தாள். ஒரு டம்ளரை எடுத்தாள், வைத்தாள், அதே டம்ளரை மறுபடி கழுவினாள். காலையில் சொன்னதையெல்லாம் மாமியாரிடம் போட்டுக்கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள் போல. நகர மாட்டாள். இவளைத் தடுத்து உட்கார வைக்க இன்னொரு தடுப்பணைக்கு எங்கே போவது?

கடைசியில் கூடத்துக்கே வந்து, டிவி சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

“தம்பி, பெரிய ஆஸ்பத்திரியில நாளைக்குக் கண் பார்க்கறாங்க. இலவசம். உங்க அம்மாவுக்கு ஒரு இடம் வாங்கியிருக்கேன்.”

அவன் திரும்பாமலே, “அம்மா கண்ணுக்கு என்ன? இருட்டுல ஊசி கோக்கறாங்க” என்றான்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பேத்திக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொத்தானை மாட்டினார், அடுத்ததையும் மாட்டினார். இந்த அம்மா இப்போது மட்டும் வாயை மூடினால் அவ்வளவுதான், நான் இனி படியேற மாட்டேன் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

“இல்லடா, கொஞ்ச நாளா மங்கலாத்தான் இருக்கு” என்றார் மாமியார்.

“சொல்லவே இல்ல?”

“நீ கேட்டியா?”

அவன் தோளைக் குலுக்கிவிட்டு டிவி பக்கம் திரும்பினான். “போயிட்டு வாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வந்துடணும்.”

“பாப்பாவை யார் பாத்துப்பா? நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்” என்றாள் மருமகள், டம்ளரோடு.

“நான் கூட வரேன்ல. வெச்சுக்கறேன்.”

“உங்களுக்கு எதுக்குக்கா இவ்வளவு சிரமம்?”

“எதுக்குன்னு எனக்கே தெரியலம்மா.” அது மட்டும் உண்மை.

தெருமுனை வரைக்கும் மருமகள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“அக்கா, நான் உள்ள சொன்னது...”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் கொசு ஆளு.”

“சத்தியமா?”

“சத்தியமா. போ, தேடப்போறாங்க.”

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் இருந்தது. உங்க மாமியார் கண்ணுக்குப் போகலை என்று ஒரு வார்த்தை. இருவரும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தரை அவனிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் நான் ஒருத்தி குப்பைத்தொட்டி மாதிரி என்று நினைத்தாள். மருமகள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் இருவரும் குழந்தையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண்கள் பிரிவில் வரிசை மாடிப்படி வரை நின்றது. சீட்டைக் காட்டியதில் கொஞ்சம் முன்னால் விட்டார்கள். உள்ளே போன மாமியார் நேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், அடுத்த புதன்கிழமை முடிவு வாங்க வர வேண்டும் என்றும், வீட்டு ஆட்கள் யாராவது கூட வந்தால் நல்லது என்றும் நர்ஸ் சொன்னாள். புதன்கிழமையும் மருமகளுக்குக் காலை ஷிப்ட்தான்; இன்னொரு லீவும் இவள்தான் போட வேண்டும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மாமியார் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டார். குழந்தை அவள் தோளில் வாந்தி எடுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.