கட்டில் டாக்டரின் பத்து நிமிடம்

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் டாக்டர் என்று பெயர். டாக்டருக்குப் படித்தவள் அல்ல. எண்ணெய் அழுத்தத்தில் ஏற்றி இறக்கும் கட்டில், நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் சக்கரப் படுக்கை, பல் பிடுங்கும் நாற்காலி என்று எது மக்கர் செய்தாலும் பத்தொன்பது வருடமாக அவளைத்தான் கூப்பிடுவார்கள். பழுது பார்த்த கையோடு கையெழுத்துப் போட்டுத் தரமாட்டாள். கட்டிலை முழு உயரத்துக்கு ஏற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, அதில் தானே ஏறிப் படுத்துக்கொள்வாள். பத்து நிமிடம் பொறுத்து, ஒரு நூல்கூட இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி இவளை நோயாளி என்று நினைத்துக் காய்ச்சல் பார்த்துவிட்டுப் போன கதையும் உண்டு.

அப்படிப்பட்டவள் மூன்று மாதமாக ஸ்பேனரைத் தொடவில்லை.

அவள் கையெழுத்துப் போட்ட சக்கரப் படுக்கை ஒன்று, காலில் ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மாள் படுத்திருந்தபோது ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. தையல் பிரிந்து, மறுபடியும் போட வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் இப்போது நன்றாக நடமாடுகிறார். ஆஸ்பத்திரியும் இவளை வெளியே அனுப்பவில்லை, கொஞ்ச நாள் லீவில் இருங்கள் என்றுதான் சொன்னது. இவள்தான் ராஜினாமா கடிதம் எழுதி ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். அதைக் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை அவளுடைய மேலாளர் போனில் கூப்பிட்டார். "திங்கக்கிழமை ஒண்ணு நீங்க வரணும், இல்ல உங்க கடிதம் வரணும். இதுக்கு மேல என்னால இழுத்தடிக்க முடியாதும்மா," என்றார். சரி என்று வைத்துவிட்டாள்.

இனி என் அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிறவன். அளவாக வாழ்ந்த ஆள். ஐம்பது வயதில் புத்தி பிசகி, பதினைந்து வருடப் பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். நாய்க்குட்டி உயரத்தில் ஓடும் வண்டி. வேகத்தடையைப் பார்த்தாலே அதன் மூக்கு இடிக்கும். அதற்காகவே உள்ளே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அதை அமுக்கினால் எண்ணெய் பம்ப் உறுமி, முன் சக்கரங்களுக்கு மேலே இருக்கும் இரண்டு சிலிண்டர்களும் நீண்டு, வண்டியின் முன்பக்கம் நான்கு விரற்கடை எழும்பும். எங்கள் வீட்டு ஷெட்டோ தெருவைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. மூக்கைத் தூக்காமல் சரிவில் ஏறவே முடியாது.

ஒரு மாதம் ராஜா மாதிரி ஓட்டினேன். பிறகு ஒருநாள் பட்டனை அமுக்கியதும் எழும்பிய மூக்கு, சரிவைத் தொடுவதற்குள் மெல்ல இறங்கிவிட்டது. அதோடு சரி. இரண்டு மாதமாக வண்டி ஷெட்டுக்குள் சிறை. கம்பெனி ஆட்கள், முழு செட்டையும் மாற்ற வேண்டும், வண்டியை இங்கே கொண்டுவாருங்கள் என்றார்கள். வெளியே வர முடியாத வண்டியை எப்படியப்பா கொண்டுவருவது என்று கேட்டதற்குப் போனை வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் தினமும் வாசலில் நின்று, "கோழி அடைகாக்குதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மனைவியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எண்ணெய், சிலிண்டர், இறங்கிவிட்டது என்ற வார்த்தைகளை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சனிக்கிழமை காலை, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு நானே களத்தில் குதித்தேன். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, தலையைக் கீழே விட்டு முதுகால் ஊர்ந்து நுழைந்தேன். பாதி உடம்புதான் போயிருக்கும்.

"வெளிய வாங்க!"

அப்படி ஒரு கத்தல். மூன்று மாதத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததே இல்லை. கணுக்காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள்.

"வெறும் ஜாக்கிய நம்பி யாராவது கீழ படுப்பாங்களா? எறங்கிச்சுன்னா என்ன ஆகும்? அறிவு இருக்கா உங்களுக்கு?"

முகம் வெளுத்திருந்தது. விடுவிடுவென்று உள்ளே போனாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஸ்பேனர்கள் இருக்கும் இரும்புப் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"எப்படியும் நான் போனதும் மறுபடி கீழ நுழைவீங்க. தள்ளுங்க," என்றாள்.

அதற்கப்புறம் நான் எடுபிடி. தெருமுனை மெக்கானிக்கிடம் ஓடிப்போய் இரண்டு இரும்புத் தாங்கிகளையும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியையும் இரவல் வாங்கி வந்தேன். குழாயைக் கழற்றும் முன் மூக்கை முழுக்க இறக்கி அழுத்தத்தைத் தணித்தாள். இடது சக்கரத்தைக் கழற்றியதும் உள்பக்கச் சிலிண்டர் எண்ணெய் கசிந்து பளபளத்தது.

"இதுதான் அழுவுது," என்றாள்.

ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டிச் சிலிண்டரைப் பிரித்தெடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து நகத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் காட்டினாள். மயிரிழையில் ஒரு வெட்டு. இவ்வளவு பெரிய வண்டியை முடக்கியது இந்தத் துக்கடா வளையமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அந்தப் படுக்கையிலயும் இதேதான்," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அளவெடுத்துப் புது வளையங்கள் வாங்கிவரச் சொன்னாள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்கினேன். எண்ணெய் வாங்கப் போனதில்தான் சொதப்பிவிட்டேன். பிரேக் எண்ணெயை வாங்கிக்கொண்டு வெற்றி வீரனாக வந்து நின்றேன். டப்பாவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத ஊத்தினா புது ரப்பர் ஊதிப் பொத பொதன்னு ஆயிடும். கண்ணாடிக் கடையில சோப்புத் தண்ணிக்குப் பதிலா ஆசிட் ஊத்தித் தொடைப்பீங்களா?"

திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி ஓடினேன். உண்மையைச் சொன்னால் அந்தத் திட்டு எனக்கு இனித்தது. என் பழைய பெண்டாட்டி ஷெட்டுக்குள் திரும்பி வந்திருந்தாள்.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் பூட்டி, புது எண்ணெய் ஊற்றி, சக்கரங்களைத் தரையில் வைத்து, காற்று போகும்வரை மூக்கைப் பல தடவை ஏற்றி இறக்கினாள். பிறகு சக்கரத்துக்கு மேலே ஒரு அட்டையை ஒட்டி, பென்சிலால் கோடு போட்டாள்.

"ஏறி உட்காருங்க."

"நான் எதுக்கு?"

"கட்டில் சும்மா இருக்கும்போது எறங்காது. ஆள் இருந்தாத்தான் தெரியும். பத்து நிமிஷம்."

ஏறி உட்கார்ந்தேன். பட்டனை அமுக்கினேன். மூக்கு எழும்பியது. அவள் ஸ்கேலோடு சக்கரத்தின் பக்கம் குந்தி, டயருக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொண்டாள். ஜன்னல் வழியாக உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"இது நின்னா நாளைக்கு வேலைக்குப் போவியா?" என்று கேட்டேன்.

"நிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

நான்கு நிமிடம் ஆயிற்று. எனக்கு முதுகு வலித்தது. "அசையவே இல்லையே, போதும்ல? எறங்கிடட்டுமா?" என்றேன்.

"அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சேன்."

"என்னைக்கு?"

"அந்தப் படுக்கைல நாலு நிமிஷம்தான் படுத்திருந்தேன். போன் வந்துச்சு. நின்னுடுச்சுல்ல, போதும்னு எந்திரிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

அந்தத் தலை நிமிரவில்லை.

அந்தப் போன் நான் செய்தது. மஞ்சள் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்ற நாள். "வந்துடுச்சு, உடனே வா, எல்லாத்தயும் போட்டுட்டு வா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். செருப்பு வாரைக்கூட மாட்டாமல் மூச்சிரைக்க வந்தாள். என் சந்தோஷத்தைப் பார்க்க அவ்வளவு அவசரமா என்று கேலிகூடச் செய்தேன். மூன்று மாதமாக நான் வண்டி வந்த நாளையும் அவள் அந்தப் படுக்கைக்குக் கையெழுத்துப் போட்ட நாளையும் தனித்தனியாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே நாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பச்சையாகச் சொன்னால், அந்த ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"போன் பண்ணது நான்தானே," என்றேன்.

"ஆமா. எடுத்தது நான்."

"ஏன் சொல்லல?"

ஸ்கேல் அட்டையில் உரசும் சத்தம் கேட்டது. "சொன்னா பழிய உங்க மேல போட்டுட்டு நான் நிம்மதியாத் தூங்கிடுவேன். கையெழுத்து என்னோடது."

கதவைத் திறக்கக் கை போனது.

"எறங்காதீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

அந்த ஐந்து நிமிடம் மூச்சைக்கூட அளந்து விட்டேன். கடைசியில் அவள் ஸ்கேலை அட்டையில் வைத்து ஒருமுறை பார்த்தாள், தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். இடைவெளி ஒரு நூல்கூடக் குறையவில்லை. அட்டையைப் பிய்த்து, தேதியும் நேரமும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியாக என் மடியில் போட்டாள்.

வண்டி சரிவில் உரசாமல் ஏறித் தெருவுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார். எனக்கு ஓட்டத் தோன்றவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். ஃபிரிட்ஜின் மேல் கடிதமும் இல்லை. கொடுக்க எடுத்துப்போனாளா, கிழித்துப் போட்டாளா என்று தெரியவில்லை. குப்பைக்கூடையைக்கூடக் கிளறிப் பார்த்தேன், இல்லை. பிறகு ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தேன். இரும்புப் பெட்டியைக் காணவில்லை. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

வழக்கமாக ஐந்து மணிக்கு வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்துவிடுவாள். ஆறு ஆயிற்று. ஆறே காலும் ஆயிற்று. எங்கே இருக்கிறாய் என்று கேட்கலாம் என்று போனை எடுத்து அவள் எண்ணைக்கூடத் தட்டிவிட்டேன். அழைக்கும் முன் விரல் நின்றுவிட்டது. ஏதாவது ஒரு கட்டிலில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடம் முடிவதற்காகப் படுத்திருப்பாள்.

போனை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன்.