ஜட்ஜம்மாவிடம் சொல்லுங்கள்

மகள் என்னோடுதான் இருக்க வேண்டும் என்று ஈரோட்டுக் கோர்ட்டில் தீர்ப்பானபோது வராத பயம், அவளைக் கூட்டிக்கொண்டு மைசூரில் வந்து இறங்கியபோது வந்தது. நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு தையல் கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. வெளியூர் போகலாம், பள்ளி லீவுக்கு மட்டும் அப்பாவிடம் அனுப்ப வேண்டும் என்று கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆனால் அப்பா இல்லாமல் சோறு இறங்காத பிள்ளை அது. ஏழு வயசு. அழுது ஊரைக் கூட்டினால் என்ன செய்வேன்?

அழவே இல்லை. தலை பின்ன உட்கார வைத்தாலே வீட்டை இரண்டாக்குகிறவள், பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தாள். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாமலேயே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். போட்டதைத் தின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

"பாத்தியாக்கா? அப்பங்காரன் நெனப்பே இல்ல அவளுக்கு. புள்ளையப் பிரிச்சுட்டேன்னு ஆளாளுக்குப் பேசுனீங்களே!"

"இத்தன அடக்கமா இருந்தா எனக்கென்னமோ சரியாப் படல" என்றாள் அக்கா. வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று போனை வைத்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது, கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா கேட்டருகே நிறுத்தினார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர்.

"பேஜாரு பண்ணிக்காதேம்மா. ஒம் பொண்ணு இன்னிக்கு வந்து, 'நான் சமத்தா இருக்கேன்னு ஜட்ஜம்மாக்கு ஃபோன் பண்ணிச் சொல்றீங்களா ஆன்ட்டி'ன்னு கேட்டா. சொன்னா வீட்டுக்கு விட்டுருவாங்களாம்."

"எந்த வீட்டுக்கு?" என்றேன். பதிலுக்கு நிற்காமல் படியேறினேன்.

மாடியில் டிபன் டப்பாவைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தாள். "யாருடி உனக்கு அப்படிச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். யார் மேல் அந்தக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

"ஜட்ஜம்மாதான். லீவுக்கு அப்பாகிட்டப் போலாம், அதுவரைக்கும் அம்மாகூட சமத்தா இருக்கணும்னாங்க. நான் ரொம்ப ரொம்ப சமத்தா இருந்தா சீக்கிரமே விட்ருவாங்கல்ல?"

என்னோடு இருப்பதுதான் என் பிள்ளைக்குத் தண்டனை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பயந்துபோய் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "அழாதம்மா, இனிமே கேக்க மாட்டேன்" என்று என் கண்ணைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"நீ அழுததை ஜட்ஜம்மாகிட்டச் சொல்லிருவியா?"