ஐம்பத்தாறு கிலோ மணல்

“உன் எடை எவ்வளவு?” என்று சித்தப்பா கேட்டார்.

தட்டு கழுவிக்கொண்டிருந்த சித்தி திரும்பவில்லை. “எதுக்கு? என்னை விக்கப் போறீங்களா?”

“வண்டியோட பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை உன் எடைக்கு வைக்கணும்டி. பொறக்கற பிள்ளையெல்லாம் தராசுல போட்டுப் பாக்கறவ, உன் எடை தெரியாதா உனக்கு?”

“தெரியும். அம்பத்தாறு.”

“அம்பத்தாறா?”

“ஏன், காதுல இரும்புத்தூள் அடைச்சிருக்கா?”

மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த, சித்தப்பாவின் அண்ணன் மகள் தலையைத் தூக்கவில்லை. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சுவரில் 56 என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டார். அவர் கோடு போட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

சித்தி நர்ஸ். மலைமேல் ஐந்து குடியிருப்புகளுக்கும் அவள்தான். பதினேழு வருடமாக அந்தக் கல்பாதையில் வண்டி ஓட்டி முதுகுத்தண்டு தேய்ந்துபோயிருந்தது. அன்று காலைதான் எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: “ஒரு மாசம் பாப்பேன். இதே மாதிரி அடிபட்டுட்டு வந்தா, உக்காந்து சீட்டு எழுதற வேலைக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துடுவேன்.” திரும்பி வரும் வழியெல்லாம் சித்தி வாய் திறக்கவில்லை. அவள் பேசாமலிருப்பது வீட்டில் யாருக்கும் பழக்கமில்லாத விஷயம்.

சித்தப்பாவுக்கு வீட்டின் முன்னறையே லேத் பட்டறை. மறுநாளே இரண்டு சின்ன பைக்குகளை இரவல் வாங்கி வந்து நிறுத்தினார். இரண்டும் கரடுமுரடான பாதைக்கென்றே செய்தவை. பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடும் இரும்புக் கை எல்லா வண்டியிலும் உண்டு. ஸ்விங் ஆர்ம் என்பார்கள். அந்தக் கையை எது தாங்குகிறது, எப்படித் தாங்குகிறது என்பதில்தான் வண்டிக்கு வண்டி குணம் மாறும். ஒன்றில் கையின் இரு பக்கமும் ஒவ்வொரு ஷாக். மற்றதில் நடுவில் ஒரே ஷாக். அதற்கும் கைக்கும் நடுவே மடங்கி விரியும் ஒரு சின்ன இணைப்பு. சிறு கல்லுக்கு இளகும், பெரும்பள்ளத்துக்கு இறுகும்.

இந்தக் கை விஷயத்தில் சித்தப்பாவுக்கு ஒரு பழைய கதை உண்டு. பால்காரர் ஒருவருக்கு அதை நான்கு விரற்கடை நீட்டி வெல்டிங் வைத்துக் கொடுத்தார். மேட்டில் முன்சக்கரம் தூக்காமல் வண்டி சாதுவாக ஏறியது. சந்தில் மட்டும் திரும்ப மாட்டேன் என்றது. முனைக்கு முனை பால்காரர் இறங்கி, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு ஏறுவார். “உங்க வண்டிக்குக் கை நீளமாமே” என்று தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு சித்தப்பா எந்த வண்டியின் கையையும் வெட்டியதில்லை.

இப்போதும் வெட்டவில்லை. ஐம்பத்தாறு கிலோ மணலை மூட்டை கட்டி இருக்கையில் ஏற்றினார். அண்ணன் மகள் டேப்பைப் பிடித்து, சக்கர அச்சிலிருந்து மட்கார்டுவரை அளந்து சொன்னாள். பின்பக்கம் மொத்தம் பதினெட்டு சென்டிமீட்டர் அமுங்கக்கூடியது. ஆள் ஏறினால் மூன்றில் ஒரு பங்கு, ஆறு, இறங்கி நிற்க வேண்டும். ஸ்பிரிங்கைத் திருகித் திருகி ஆறில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மூட்டைக்கு நின்ற ஒற்றை ஷாக் சித்திக்கு நிற்கவில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் முழுசாக அமுங்கி அடிதட்டியது. “கடப்பாரையால முதுகுல போடற மாதிரி இருக்கு” என்றாள். இரட்டை ஷாக் வண்டியோ அடிதட்டவில்லை; ஆனால் ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணிச் சொன்னது.

“பாத்தியா? ரெண்டு காலு இருக்கறவன்தான் நிப்பான்.”

“நின்னு என்ன பண்றது? உங்க அக்கா மாதிரி வெறைப்பா நிக்குது.”

சித்தப்பா இணைப்பைக் கழற்றினார். அதன் மூட்டுக்கு லேத்தில் புது புஷ் வளையம் கடைந்து போட்டார், மறுபடி கழற்றி இன்னொன்று, மூன்றாவதும் கடைந்தார். மூன்று வாரம் அதிலேயே போயிற்று. சித்தி இரவில் ஒருக்களித்துப் படுப்பதற்குள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்கத் தொடங்கியிருந்தாள்.

நாலாவது ஞாயிறு காலை, சித்தி ஒற்றை ஷாக் வண்டிமேல் உட்கார்ந்து, கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாசல் தூணைப் பிடித்தபடி எதிர்வீட்டுத் தையல்காரியிடம் கதையளந்துகொண்டிருந்தாள். டேப் அண்ணன் மகளின் கையில்தான் இருந்தது. ஆறு இறங்கியிருக்கிறதா என்று சும்மா குனிந்து அளந்தாள். எட்டரை. இன்னொரு முறை அளந்தாள். எட்டரைதான். அதைப் போட்டு உடைக்கும் சுபாவம் அவளுக்குக் கிடையாது. எண்ணின்மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு போய்ச் சித்தப்பாவிடம் காட்டினாள்.

அவர் டேப்பைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். பிறகு வாசலில் சிரித்துக்கொண்டிருந்த மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரக்கு ஏற்றுவதற்கென்று அடித்த விறைப்பான ஸ்பிரிங் என்பதால் இரட்டை ஷாக் வண்டி பொய்யையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது. ஒற்றைக்குத்தான் அப்படிச் சுமக்கத் தெரியவில்லை.

“ஏய்,” என்று சத்தமாகக் கூப்பிட்டார். “தப்பு என் மேலதான். உன் மருந்துப் பெட்டியைக் கணக்குல சேக்கவே இல்ல.”

சித்தி சட்டென்று பேச்சை நிறுத்தினாள். காது மடல் சிவந்தது. “அதான் பாத்தேன்,” என்றாள். “மூணு வாரமா இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு.”

மருந்துப் பெட்டி நாலு கிலோ. சித்தப்பா மூட்டையில் மேலும் பதினெட்டு கிலோ மணலைக் கொட்டினார். ஸ்பிரிங்கை ஆறுவரை இறுக்கினார். சுவரிலிருந்த எண்ணைத் தொடவில்லை.

அந்த வாரம் ஒற்றை ஷாக் வண்டி பள்ளத்தில் அமுங்கி, அமுங்கின சுவடே இல்லாமல் எழுந்தது. டாக்டர் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். வலி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதற்குச் சித்தி, “எனக்கு வலியே இல்ல டாக்டர், எப்பவுமே இருந்ததில்ல” என்று சொன்னாளாம்.

அதைக் கேட்ட சாயங்காலம் சித்தப்பா லேத்தை நிறுத்திவிட்டு, கைத்துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மகள் தினமும் ஜீப்பில் மலை ஏறி, மேல் குடியிருப்புப் பள்ளியில் பாடம் நடத்துபவள்.

“பாப்பா, உன் கிளாஸ் ஜன்னல்லேர்ந்து பாத்தா அவ வண்டி நிறுத்தற எடம் தெரியுமில்ல?”

“தெரியும் சித்தப்பா.”

“அவ வாயைத் தொறந்து சொல்ல மாட்டா. எறங்கறப்ப ஒரு பார்வை பாரு. ஒரு கையை ஊனி எறங்கினா சரி. ரெண்டு கையாலயும் ஹேண்டிலைப் புடிச்சுக்கிட்டு நின்னான்னா, எனக்கு ஒரு போன் போடும்மா. அவளுக்குத் தெரிய வேணாம்.”