தேக்சாவுக்குக் காவல்

எங்கள் வீட்டுக் கூடத்தில், மக்கா படத்துக்குப் பக்கத்தில், என் பெயர் போட்ட சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நான் சிகரத்தின் உச்சியைத் தொட்டதாக அதில் அச்சடித்திருக்கிறது. பொய். அன்றைக்கு நான் தொட்டதெல்லாம் பிரியாணி தேக்சாவைத்தான்.

கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மேற்கே கொடைக்கானல் மலை தெரியும். மழை விட்ட மறுநாள் அதன் மடிப்புகள்கூடத் தெரியும். அங்கே நின்று பார்த்தால் நம் ஊர் எப்படி இருக்கும் என்று ஒருநாள் மகளிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். கல்லூரியில் படிக்கிறவள். உடனே போனைத் தட்டி, வழிகாட்டியோடு ஒரே நாளில் ஏறி இறங்கும் மலைப்பயணம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். உச்சியிலிருந்து ஆத்தூர் அணையும், வானம் தெளிவாக இருந்தால் திண்டுக்கல் மலைக்கோட்டையும் தெரியும் என்று போட்டிருந்ததாம். "ஒனக்காகத்தாம்மா" என்றாள். எனக்காக ஆரம்பித்ததில் என் கணவர், கொழுந்தனார், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைந்தது.

வழிகாட்டி முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தார். ரொட்டி, வாழைப்பழம், கடலை மிட்டாய், தண்ணீர், அவ்வளவு போதும், வேறெதுவும் வேண்டாம் என்று. தோல் மண்டி வைத்திருக்கும் என் கணவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ரொட்டியத் தின்னுட்டு மலை ஏற நாம என்ன காய்ச்சக்காரங்களா?"

எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் கறியும் சோறும் கூடவே கிளம்பும். நானும் மறுக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். என் கைப் பிரியாணியை மலை உச்சியில் வைத்துச் சாப்பிடப் போகிறார்கள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. சுபுஹு பாங்குக்கு முன்பே எழுந்து இரண்டு கிலோ சீரகச் சம்பாவைத் தம் போட்டு, தேக்சாவின் மூடியை இறுக்கி, பழைய போர்வையால் சுற்றிக் கட்டினேன்.

மலைமேல் வேனை விட்டு இறங்கியதும் வழிகாட்டி அந்த மூட்டையைப் பார்த்தார். மலைக்காரர், நாற்பது வயது இருக்கும், ஒல்லி.

"இது எதுக்குண்ணே?"

"மதியத்துக்குத்தான் அப்பு. ஒனக்கும் சேத்துத்தான்."

அவர் முன்னால் நடந்தார். கணவரும் கொழுந்தனாரும் ஆளுக்கொரு வளையத்தைத் துண்டு போட்டுப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேர் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறுவதைப் பார்த்து மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். நூறடிக்கு ஒரு தரம் இறக்கி வைத்தார்கள். "மத்தியானத்துக்கு மேல மூட்டம் எறங்கிரும், கொஞ்சம் எட்டு வைங்க" என்று வழிகாட்டி மூன்று முறை சொன்னார்.

வனக் காவலர் இருக்கும் ஒரு தகரக் கொட்டகையோடு பாதை முடிந்தது. அதற்கு மேல் பாறை, கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். தேக்சா ஏறாது. விட்டுவிட்டும் போக முடியாது, கூரையெல்லாம் குரங்கு. காவலர் ரோந்துக்குப் போய்விடுவாராம், யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்றார் வழிகாட்டி.

யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. எல்லோரும் தேக்சாவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் இருக்கேம்மா, நீ போ" என்றாள் மகள்.

"நீ போய்ப் பாரு. எனக்கு முட்டி வலிக்குது" என்றேன். முட்டி வலிக்கவில்லை. மற்றவர்கள் அதற்குள் பாதி தூரம் ஏறியிருந்தார்கள். வழிகாட்டி மட்டும் திரும்பி, "அரை மணி நேர ஏத்தந்தான்க்கா. இவங்கள எறக்கி விட்டுட்டு ஒங்களக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் குச்சியால் குரங்கு விரட்டினேன். கொட்டகையைச் சுற்றி யூகலிப்டஸ் மரம் தவிர ஒன்றும் தெரியவில்லை. குளிருக்குத் தேக்சாவின் மேல் கையை வைத்திருந்தேன். அதுவும் மெல்ல ஆறிக்கொண்டு வந்தது.

இறங்கி வந்தவர்கள் முகமெல்லாம் சிவந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அணை தெரிந்ததாம், மலைக்கோட்டை ஒரு சின்ன உருண்டைக் கல்லாகத் தெரிந்ததாம். வழிகாட்டி உட்காரக்கூட இல்லை. "வாங்கக்கா, வெரசாப் போய்ட்டு வந்துருவோம்" என்றார். நான் எழுந்து செருப்பை மாட்டினேன்.

"மொதல்ல சோத்தப் போடு. பிள்ளைக பசியில துடிக்குதுக" என்றார் கணவர்.

போட்டேன். நெய் உறைந்து சோறு கட்டியாக இருந்தது. ஆறிப்போச்சே என்று ஆளாளுக்குக் குறை சொல்லி, ஆனால் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். வழிகாட்டி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தட்டைக் கழுவி நிமிர்ந்தபோது பாறை இருந்த இடத்தில் வெள்ளை மட்டுமே இருந்தது.

"இனி முடியாதுக்கா" என்றார். அவருக்கு மட்டும்தான் அதில் வருத்தம் இருந்தது.

பெயர் பதிந்த எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. என்னுடையதையும் கணவர் சட்டம் போட்டு மாட்டினார். போன வாரம் வந்த விருந்தாளி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "மேல இருந்து நம்மூரு தெரிஞ்சுச்சா?" என்று என்னைக் கேட்டாள். "தெரியாம என்ன? மலைக்கோட்டை அம்புட்டுக்காணுதான்" என்று கையால் அளவு காட்டினார் கணவர்.

"நான் தேக்சா மூடியத்தான் பாத்தேன்" என்றேன் சத்தமாக.

எல்லோரும் சிரித்தார்கள். "இவ எப்பவும் இப்பிடித்தான், தமாசு" என்றார் அவர். மகள் மட்டும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்தவங்களுக்கு டீயப் போடு" என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அவர்மேல் இருந்த கோபம்கூடக் குறைந்துவிட்டது. ஒருத்தரும் சொல்லாமலே உட்கார்ந்தேனே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.