இரண்டாவது கோடு

சுமலதா அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பி.எஸ்ஸி. வேதியியல். பாகூர்ப் பக்கம் களையெடுத்த கையால் அவள் அம்மா அந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டி வந்தாள். படிப்புக்கேற்ற வேலைதான் அமையவில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருமல் டானிக் அடைக்கும் கம்பெனியில், பாட்டிலுக்கு மூடி சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் ஏழு வருஷம் ஓடிவிட்டது.

அப்படி இருந்தவளைத்தான் மேனேஜர் மார்ட்டின் கூப்பிட்டு, "லேப்ல ஒரு எடம் காலியாவுதும்மா. ஓசூர்ல மூணு மாசம் டிரெய்னிங். நீ போறியா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தாள். வீட்டில் புருஷன் ராஜவேல் சந்தோஷத்தில் குதித்தான். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். "போயிட்டு வா சுமா. சோறு நான் பொங்கித் தின்னுக்கிறேன். லேப்ல என் பொண்டாட்டின்னு சொன்னா பட்டறையில எனக்குக் கெத்து!"

ஆனால் அந்த மாதம்தான் உழவர்கரை கிளினிக்கில் அவளுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் குழந்தை இல்லை. ஸ்கேனில் கருமுட்டை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று பார்த்து, அது வெடித்து வெளிவருவதற்கு ஓர் ஊசி போட்டார்கள். பிறகு கரு தங்குவதற்கென்று மாத்திரை. "ரெண்டு வாரம் கழிச்சி வாங்க, ரத்தம் எடுத்துப் பாக்கலாம். அதுக்குள்ள வீட்ல டெஸ்ட் கிஸ்ட் பண்ணாதீங்க" என்றாள் நர்ஸ் சிவசங்கரி. ஏன் என்று அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

முட்டை வெளிவந்த பிறகான நாட்கள் சுமலதாவுக்குப் புதிதல்ல. மாதாமாதம் உடம்பையே உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பாள். மார்பு லேசாகக் கனக்கும், வயிறு உப்பும், அடிவயிற்றில் ஏதோ சுண்டி இழுக்கும். இதுவாக இருக்குமோ என்று நினைத்து முடிப்பதற்குள் தீட்டு வந்து நிற்கும். இந்த முறை அப்படியில்லை. ஜாக்கெட் உரசினாலே மார்பு வலித்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஏழு வருஷமாக மூக்குக்குத் தெரியாத டானிக்கின் ஆரஞ்சு வாசனை இப்போது குமட்டியது.

பக்கத்தில் நின்று லேபிள் பார்க்கும் பாக்கியலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாடி, மூடியப் பாக்கச் சொன்னா முழுசா தூங்குற? மூஞ்சி வேற மினுக்குது. எனக்கும் மூத்தவன் வயித்துல வந்தப்ப இப்படித்தான்."

அந்தப் பேச்சு போதுமாக இருந்தது. சாயங்காலம் மருந்துக் கடையில் டெஸ்ட் கார்டு வாங்கினாள். மறுநாள் காலை பாத்ரூமில் பார்த்தால், முதல் கோட்டுக்குப் பக்கத்தில் மெல்லியதாக இரண்டாவது கோடு.

ராஜவேல் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நர்சம்மா பண்ண வேணாம்னுதான சொன்னாங்க? ரத்தம் பாக்குற வரைக்கும் பொறு. மார்ட்டின் சார்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிடாத."

அவளால் பொறுக்க முடியவில்லை. ஓசூருக்கு பஸ் பயணம், லேபின் அமில நெடி, மூன்று மாதம் ஹாஸ்டல். எல்லாமே வயிற்றில் இருப்பதற்கு எதிரியாகத் தெரிந்தன. அன்றே மேனேஜர் அறைக்குப் போனாள். ஒரு ஆணிடம் உண்மைக் காரணத்தை எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் அனுப்ப மாட்டேங்கிறாரு சார்."

"இந்தக் காலத்துல இப்படி ஒருத்தனா!" என்று மார்ட்டின் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் முடிந்ததும் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். கரு தங்கவில்லை. "கோடு விழுந்துச்சே மேடம்?" என்று கார்டை எடுத்து நீட்டினாள் சுமலதா.

சிவசங்கரிக்கு முகம் வாடிவிட்டது. "அது ஊசி மருந்தும்மா. கர்ப்பத்துல ஊறுற அதே ஹார்மோன்தான் ஊசியிலயும் இருக்கு. கொஞ்ச நாளைக்கு ஒடம்புல நிக்கும், கார்டு அதைத்தான் காட்டியிருக்கு. மார்வலி, தூக்கம், குமட்டல் எல்லாம் மாத்திரை பண்றது. அதுக்குத்தான் டெஸ்ட் பண்ணாதீங்கன்னோம்."

வேதியியல் படித்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஏன் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாத்திரையை நிறுத்தினாள். தீட்டு வந்தது.

அந்த வாரமே மார்ட்டினிடம் போய் நின்றாள். "இப்ப போறேன் சார்."

"வீட்டுக்காரர் விடலன்னியேம்மா. வேற யூனிட்ல ஒரு பொண்ணு பேரக் குடுத்து, அது கௌம்பியும் போயிடுச்சி. இனிமே லேப்ல எடம் எப்ப வருமோ."

அன்றைக்கு அழைத்துப்போக ராஜவேல் கேட்டில் பைக்கோடு நின்றிருந்தான். வெளியே வந்த மார்ட்டின் அவனைக் கண்டதும் நேராகப் போனார்.

"நீதான சுமலதா வீட்டுக்காரர்? பட்டம் வாங்குன பொண்ணைய்யா அது. இப்படிப் பூட்டி வெச்சா நல்லா இருப்பியா?"

ராஜவேலுக்கு முதலில் புரியவில்லை. அவர் தோளுக்கு மேலாக மனைவியைப் பார்த்தான். அவள் தலை குனிந்து நின்றாள். 'அவர் இல்ல சார், நான்தான்' என்று சொல்லிவிட நினைத்தாள். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"தப்புதான் சார்" என்றான் ராஜவேல்.

மார்ட்டின் போனதும் ராஜவேல் அவள் பக்கம் திரும்பினான்.

"நான் விடலன்னா சொன்ன?"

"ம்."

அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். "அடுத்த வாட்டி கூப்ட்டா, போகச் சொல்லி அடிச்சித் தொரத்துறாருன்னு சொல்லு."

அவளைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னான். அவன் முதுகில் நெற்றியைப் பதித்து, வீடு வரும்வரை அழுதாள்.